மார்ஸ்பியில் தெள்ளு கிடையாது

எங்கள் மார்ஸ்பியில் தெள்ளுப்பூச்சி கிடையாது. பக்கத்து ஊரில் உண்டு, அதற்கடுத்த ஊரில் உண்டு, யார்க்‌ஷயர் முழுக்க எங்கே பார்த்தாலும் உண்டு. எங்கள் ஊரில் மட்டும் கிடையாது. என் புருஷன் கிளெம் ஃபெரட் கிளப்பின் தலைவராக இருந்த காலம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரே சொன்னதால் ஊரும் அதையே சொன்னது. சொல்லிக்கொண்டே கணுக்காலைச் சொறிந்தது.

ஃபெரட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீரிப்பிள்ளையைப் பிடித்து இழுத்து நீட்டி, முகத்தில் கொஞ்சம் திருட்டு முழியும் வைத்துவிட்டால் ஃபெரட். முயல் வளைக்குள் ஒரு பக்கம் விட்டால் முயல் மறுபக்கம் அலறிக்கொண்டு வந்து வலையில் விழும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்து ஆண்கள் ஃபெரட் வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் முயலோடு வீடு திரும்புகிறவரை நான் பார்த்தது அபூர்வம். கோட்டுப் பைக்குள் ஃபெரட்டைப் போட்டுக்கொண்டு பப்பில் உட்கார்ந்து, அதற்கும் இரண்டு வாய் ஊட்டிவிடுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் பப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கிளப்பின் கண்காட்சி நடக்கும். மழைத் தண்ணீர்க் குழாய்களை வரிசையாகப் போட்டு, அதற்குள் ஃபெரட்டுகளை ஓடவிடுவார்கள். எது முதலில் மறுபக்கம் தலையை நீட்டுகிறதோ அதற்குக் கோப்பை. பாதி ஃபெரட்டுகள் குழாய்க்குள்ளேயே படுத்துத் தூங்கிவிடும். அதையும் ஒரு கூட்டம் நின்று கைதட்டிப் பார்க்கும்.

ஓட்டத்துக்கு முன்னால் வெள்ளைத் துணிச் சோதனை. அது கிளெம் கொண்டுவந்த வழக்கம். மேஜையில் நனைத்த வெள்ளைத் துணியை விரித்து, ஃபெரட்டை அதன் மேல் நிறுத்தி, நெருக்கமான பல் வைத்த சீப்பால் வாருவார். கறுப்பாகத் தூள் விழும். அது மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். சுற்றிலும் சிவப்பு ஊறினால் அது தெள்ளின் எச்சம். குடித்த ரத்தத்தைத்தான் அது கழித்து வைத்திருக்கிறது. சிவந்தால் அந்த ஃபெரட் ஓட முடியாது. அதோடு விட்டிருந்தால் நல்ல வழக்கம் என்று நானும் சொல்லியிருப்பேன். கிளெம் அதோடு விடவில்லை, வளர்த்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்.

ஒரே ஒரு முறைதான் வாசித்தார். ரோட்னி சக்டன் என்ற பெயரை, குலுக்கல் பரிசு அறிவிப்புக்கும் பட்டாணிக் கூழ் தயார் என்ற அறிவிப்புக்கும் நடுவில், நிறுத்தி நிதானமாக வாசித்தார். ரோட்னிக்கு மானம் கப்பலேறிவிட்டது. மறுநாளே ஃபெரட்டுகளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டுப் புறா வளர்க்கப் போய்விட்டார். ரோட்னியின் மனைவி பெரில்தான் எங்கள் ஊரின் ஒரே கால்நடை மருத்துவமனையில் முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள். ஆகவே, அவள் பழி தீர்க்க ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று பயந்து, அன்றிலிருந்து எங்கள் ஊர் ஃபெரட் எதுவும் தெள்ளுக்காக அந்த வாசலை மிதிக்கவில்லை.

துணியும் அதற்குப் பிறகு சிவக்கவே இல்லை. எப்படிச் சிவக்கும்? எல்லோரும் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துணியை நனைத்துப் பார்த்துவிடுவார்கள். சிவந்தால் அந்த ஃபெரட்டுக்குக் கண்காட்சியன்று ஜலதோஷம் வந்துவிடும். ஃபெரட்டுக்கு நம்மிடமிருந்து ஜலதோஷம் ஒட்டும் என்பது உண்மைதான், ஆனால் இப்படி ஆகஸ்டு மாதம் பார்த்து ஒட்டாது. வருஷா வருஷம் ஜலதோஷம் பெருகியது. "நம்ம ஊரு சுத்தமாயிடுச்சு ஈனிட், ஜலதோஷம் ஒண்ணுதான் கட்டுக்கடங்க மாட்டேங்குது" என்று கிளெம் என்னிடம் பெருமையாகச் சொன்னார். இந்த மனுஷனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாஃபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்பு மிட்டாய் நிறத்தில் ஒரு பெட்டை ஃபெரட். கல் குவாரி வேலையிலிருந்து கிளெம் ஓய்வு பெற்ற குளிர்காலத்தில் வந்தது. அந்தக் குளிர்காலம் அவர் யாரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை, ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார். டாஃபி அவருடைய கம்பளிச் சட்டைக்குள் கழுத்து வழியாக நுழைந்து கை வழியாக வெளியே வந்தது. அவர் சிரித்தார். நான் சமையலறையில் நின்று அழுதேன். அதனால் டாஃபி எனக்கும் வேண்டப்பட்டவள்தான். அவள் என் செருப்புகளைத் திருடி அலமாரிக்குப் பின்னால் சேர்த்து வைப்பதைக்கூட நான் பொறுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

இந்த வருஷம் கண்காட்சி வாரத்தில் கிளெம்மைக் காணோமே என்று கொட்டகைப் பக்கம் போனேன். டாஃபியை மடியில் போட்டு வாரிக்கொண்டிருந்தார். காலடியில் நனைத்த சமையலறைக் காகிதம். என்னைப் பார்த்ததும் பூட்ஸ் காலால் அதை மிதித்து மறைத்தார்.

"காலை எடுய்யா."

"ஒண்ணுமில்ல, போ."

"எடுன்னா எடு."

எடுத்தார். காகிதம் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது.

"என்னது இது?"

"மண்ணு."

"மண்ணு செவக்குமா?"

"நம்ம ஊரு மண்ணு செவக்கும்."

"தெள்ளுய்யா அது! பாரு, அதோ ஒண்ணு குதிச்சு ஓடுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"அங்க பெரில் இருக்கா."

"இருந்தா இருந்துட்டுப் போறா. அவளா கடிக்கறா?"

"நான் உள்ள நுழைஞ்சதும் ரோட்னிக்குப் போன் போயிடும்டி. சாயங்காலம் புறாக்கூட ஊர் மேல சுத்திச் சுத்தி அதையே சொல்லும்."

"அப்ப டாஃபிக்கும் ஜலதோஷம்னு சொல்லிடு."

கிளெம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவர் வீட்ல ஜலதோஷமா? ஜலதோஷம்னா என்னனு ஊர்ல எவனுக்குடி தெரியாது!"

ஆக, மனுஷனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் கோபத்தில் கதவை அறைந்துவிட்டு வந்தேன். அங்கேயே நின்று சண்டை போட்டு, கையோடு டாஃபியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். கடைக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், கிளெம் தொப்பியைக் கையில் கசக்கியபடி சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். தரையில் டாஃபியின் பெட்டி திறந்திருந்தது. உள்ளே டாஃபி ஒருக்களித்துப் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். காது துடித்தது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, வாய் ஓரத்தில் எச்சில் நுரைத்து வழிந்தது.

"குளிருதுபோல" என்றார் கிளெம்.

"ஆகஸ்ட்ல என்னய்யா குளிரு? என்ன பண்ணித் தொலைச்ச?"

அவர் மேஜையைக் காட்டினார். எங்கள் வேட்டை நாய் ஜிப்புக்குக் கழுத்தில் ஊற்றுகிற தெள்ளு மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைப்பது, அங்கே இருந்தது. குப்பியின் வாய் வெட்டப்பட்டிருந்தது.

"கொஞ்சூண்டுதான் ஊத்தினேன். ஜிப்பு எடை எவ்வளவு, இது எடை எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அதுக்கும் கம்மியாத்தான்..."

"நாய் மருந்தையா?"

"ரெண்டும் ஒரே முயலைத்தானே தொரத்துது, ஒரே கிண்ணத்துல தண்ணி குடிக்குது. நாய்க்கு ஒத்துக்கறது இதுக்கு ஒத்துக்காதா?"

நான் மருந்து வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பூனை படம் போட்டு அதன் குறுக்கே சிவப்பாகக் கோடு இழுத்திருந்தது.

"இதைப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். பூனைதானே போட்டிருக்கு? ஃபெரட் போடலியே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீனாலேயே அவரை அடித்திருப்பேன். டாஃபி மறுபடி ஒரு முறை வெட்டி இழுத்தாள். நான் மீனைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். கிளெம் குறுக்கே வந்து நின்றார்.

"ஈனிட், வேணாம். பெரில் எடுப்பா."

"எடுக்கட்டும்."

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். தானா சரியாயிடும்."

"நீ தலைவரா இருக்கணும்னு அது சாவணுமா? தள்ளுய்யா!"

தள்ளி நின்றார். பெரில்தான் எடுத்தாள்.

"பெரில், ஈனிட் பேசறேன். ஃபெரட்டுக்கு நாய் மருந்து போட்டுட்டோம். இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

  பெரில், "லைன்லயே இரு, வெச்சுடாத" என்று மட்டும் சொன்னாள். அடுத்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி இருக்கா? வெதுவெதுப்பான தண்ணில அதை விட்டு, மருந்து ஊத்துன எடத்தை நல்லாக் கழுவுங்க. சுடுதண்ணி கூடாது, பச்சைத் தண்ணியும் கூடாது. கண்ணு, வாயில படாம பாருங்க. நக்க விடாதீங்க. கழுவித் தொடச்சு, துண்டுல சுத்தி, சூடு போகாம உடனே கொண்டு வாங்க. மருந்துப் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க. லேட் பண்ணாதீங்க."

கிளெம் தொட்டியில் டாஃபியைக் கழுவினார். பாறையை உடைத்த கையால், கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டார். "மன்னிச்சுக்கடி தங்கம், மன்னிச்சுக்கடி" என்று சொல்லிக்கொண்டே கழுவினார். என்னிடம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை.

மருத்துவமனைக் கதவைப் பெரில் முன்கூட்டியே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா துண்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். எதிரே பெரில். சுவரில் ஒரு கடிகாரம் வேறு சத்தமாக அடித்துக்கொண்டிருந்தது. கிளெம்மால் பொறுக்க முடியவில்லை.

"பெரில்... இது வந்து... ரோட்னிகிட்ட..."

"கிளெம்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "இந்த மேஜைல கேக்கறது எதையும் வெளிய சொல்லக் கூடாது. அது எங்க வேலை. வீட்ல போய் ரோட்னிகிட்டயும் நான் சொல்றதில்ல. இத்தனை வருஷத்துல நான் யாரைப் பத்தியாச்சும் வாயைத் தொறந்து நீ கேட்டிருக்கியா?"

கிளெம் யோசித்தார். கேட்டதில்லை.

"ஊர்ல பேரை ஒலிபெருக்கில வாசிக்கறது ஒருத்தர்தான்" என்றாள். பிறகு எங்களுக்கு டீ போட எழுந்து போனாள். 

டாஃபி பிழைத்தாள். நடுக்கத்துக்கு ஊசி போட்டு, காலில் குழாய் சொருகி, இரவு அங்கேயே வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். திரும்பக் கூட்டிவரப் போனபோது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ஃபெரட்டை நிறுத்துப் பார்த்து, அதன் எடைக்கு அவரே எழுதித் தரும் மருந்தைத்தான் போட வேண்டும். அதையும் டாஃபி முழுக்கத் தேறின பிறகுதான். அதுவரை சீப்பால் வாரி, விழுகிறதைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் போதும். பூண்டு, மண்ணெண்ணெய், வாசனைத் தைலம் என்று கிளப்பில் பெரியவர்கள் சொல்லும் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. ஜிப்புக்கு அவனுக்கு உரிய மருந்து, வீட்டில் பூனை இருந்தால் அதற்கு உரிய மருந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் போட வேண்டும். ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றதற்கு ஏறும்.

"கூண்டுல இருக்கற வைக்கோலை எரிச்சுடுங்க. துணியெல்லாம் சூடான தண்ணில தொவைங்க. வீடு பூரா, மூலை முடுக்கெல்லாம் தூசி உறிஞ்சற மெஷின் போடுங்க. ஃபெரட் மேல இருக்கறது கொஞ்சந்தான். முட்டையும் குஞ்சுமா மீதி எல்லாம் உங்க சோபாலதான் இருக்கும்."

"என் சோபாலயா?" என்றேன்.

"ஆமா."

"எங்க வீட்டு சோபாலயா?"

கிளெம் என்னைப் பார்த்தார். நான் பாவாடையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டேன். கோடை ஆரம்பத்திலிருந்து என் கணுக்காலில் இருந்த தடிப்புகளைக் கொசுக்கடி என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சோபாவை மெஷினால் உறிஞ்சினேன், கதவைச் சாத்திக்கொண்டு.

கண்காட்சி அன்று காலை, தலைவர் பதக்கத்தையும் பச்சைக் கழுத்துப் பட்டையையும் மாட்டிக்கொண்டு கிளெம் கண்ணாடி முன்னால் நின்றார்.

"டாஃபிக்கு ஜலதோஷம்னு சொல்லிடறேன்."

"அன்னைக்கு அது தலைவர் வீட்டுக்கு அடுக்காதுன்ன?"

"அன்னைக்கு வேற. பெரில் சொல்லல. டாக்டரம்மா சொல்ல மாட்டாங்க. நீ சொல்ல மாட்ட. யாருக்கும் தெரியாதுல்ல?"

"நமக்குத் தெரியுமேய்யா."

அவர் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். பயந்த ஆபத்து வராமலே போய்விட்டது, அதுதான் அவருக்குக் கெட்ட காலம். ஊர் கேலி செய்திருந்தால் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுத் தேறியிருப்பார். யாருக்கும் தெரியாது என்பதால் ஆயுசுக்கும் பூசி மெழுகலாம், வருஷா வருஷம் அந்த மேஜை முன்னால் நிற்கலாம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பட்டாணிக் கூழ் என் பொறுப்பு என்பதால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

மழை தூறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் நல்ல கூட்டம். ரோட்னிகூட வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே வர மாட்டாராம், வேலி பொதுச் சொத்தாம். ஜலதோஷப் பட்டியலைக் கிளெம் ஒலிபெருக்கியில் சொன்னார். அதில் டாஃபி பெயரையும் நடுவில் செருகினார். கூட்டத்தில் சில தலைகள் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மேஜையில் துணியை விரித்தவர் ஹெட்லி பிராட்பென்ட். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கிளெம்முக்குச் சின்ன வயது முதல் சிநேகிதர். வருஷா வருஷம் துணியின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடிப்பது அவர்தான். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். துணி பிடிக்கிறவர் என்பதால் முதலில் அவருடைய ஃபெரட்டைத்தான் வாருவது வழக்கம். வேண்டியவருக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதாம்.

ஹெட்லி தன் ஆண் ஃபெரட்டைத் துணி மேல் விட்டார். கிளெம் வாரினார். கறுப்பாகக் கொட்டியது. வாரிய கை நின்றுவிட்டது. கறுப்பைச் சுற்றி மெதுவாகச் சிவப்பு ஊறியது. ஒன்றிரண்டு இல்லை, துணி முழுக்க.

பட்டாணி வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஹெட்லி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். மற்றவர்களைப் போல ஜலதோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்த மனுஷன் ஏன் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்று எனக்குப் புரியவே இல்லை.

கிளெம் மைக்கை எடுத்தார். "ஹெட்லி..." என்றார். நின்றார்.  என்னைத் தேடினார். நான் கரண்டியோடு நின்றிருந்தேன். நான் கண்ணைக் காட்டவில்லை, கையை ஆட்டவில்லை, சும்மாதான் பார்த்தேன்.

"ஹெட்லி பேரு ரெண்டாவது" என்றார் கிளெம். "மொதப் பேரு என்னோடது."

மைக் கீச்சென்று கத்தியது.

"டாஃபிக்கு ஜலதோஷம் இல்ல. தெள்ளு. வேணுங்கற அளவுக்கு இருக்கு. இதுல நான் பெரிய புத்திசாலின்னு, ஜிப்போட மருந்தை எடுத்து அதுக்கு ஊத்திட்டேன். இழுத்துக்கிச்சு. நுரை தள்ளிச்சு. ஈனிட் இல்லன்னா செத்திருக்கும். அதனால... யாரு வீட்லயாச்சும் இருந்தா அதைப் போடாதீங்கப்பா. பூனை படத்துக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தா நம்மளுதுக்கும் ஆகாது. டாக்டர்கிட்ட போங்க. பெரில் ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ்வளவுதான்."

மைதானத்தில் ஃபெரட்டுகள் மட்டும் குக்குக்கென்று சத்தம் போட்டன. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தலைவரே, எங்க வீட்லயும் இருக்கு."

"எங்க வீட்ல ரெண்டு வருஷமா இருக்கு."

"ரெண்டு வருஷமா? எங்கப்பா காலத்துல இருந்தே எங்க வீட்ல இருக்குடா!"

"உங்க வீட்ல இருக்கறதெல்லாம் ஒரு தெள்ளா? எங்க வீட்டுது ஒண்ணொண்ணும் இந்தப் பட்டாணி சைஸு!"

"ஏய், அதைக் கூழுப் பக்கத்துல வெச்சுச் சொல்லாத!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோட்னி தொண்டை கிழியக் கத்தினார். "டேய் பாவிகளா! அப்ப நான் எதுக்குடா இத்தனை வருஷமா புறாப் பீயை அள்ளிக்கிட்டிருக்கேன்?"

மைதானமே சிரித்தது. கிளெம்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உள்ள வாடா ரோட்னி" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். யாருடைய தெள்ளு பெரியது என்று இரண்டு பேர் நிஜமாகவே சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். நேற்றுவரை ஒரு தெள்ளுகூட இல்லாத ஊர், போட்டிக்கு அவிழ்த்துவிடும் அளவுக்குத் தெள்ளு வைத்திருந்தது. என் புருஷனை எனக்கு மறுபடியும் பிடித்துப்போயிற்று. தைரியம் வந்து, என் சோபாவைப் பற்றிக்கூட யாரிடமோ சொல்லிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஹெட்லி மட்டும் சிரிக்கவில்லை. துணியின் முனைகளை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

"கிளெம்" என்றார். "காது துடிச்சுதா?"

"துடிச்சுது."

"காலு? வெட்டி வெட்டி இழுக்குமே, அப்படி?"

"ஆமா." கிளெம்மின் சிரிப்பு போய்விட்டது. "ஹெட்லி..."

"நீ என்ன பண்ணின?"

"கழுவினேன். சோப்புத் தண்ணில."

"என்ன சோப்பு?"

"பாத்திரம் கழுவறதுதான். வீட்ல இருக்குமே, அது. கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம்."

"அது போதுமா அந்த நேரத்துக்கு?"

"போதும்னாங்க. ஓடறதுக்கு நேரம் கெடச்சுது."

ஹெட்லிக்கு மின்னி என்று ஒரு பெட்டை இருந்தது. வசந்த காலத்தில் செத்துப்போனது. இதயக் கோளாறு என்று ஹெட்லி சொன்னார், நாங்கள் நம்பினோம். அவர் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டிக் கொடுத்தது கிளெம்தான். பெட்டைகளுக்கு எப்போதும் இதயம் கொஞ்சம் பலவீனம் என்று எல்லாம் தெரிந்தவர் மாதிரி ஆறுதலும் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

"மின்னிக்கும் அதே மருந்துதான். போனைக் கையில எடுத்தேன்" என்றார் ஹெட்லி. "நம்பர் பாதி போட்டேன். அப்புறம் வெச்சுட்டேன். துணி பிடிக்கறவன் பேரையே வாசிச்சா நல்லாவா இருக்கும்னு தோணிச்சு. மேஜை மேல நிக்கற இவனுக்கு அதுக்கப்புறம் எதையும் போட எனக்குப் பயம், அப்படியே விட்டுட்டேன். இன்னைக்கு நீ என் பேரை வாசிப்பேன்னுதான் கொண்டாந்தேன் கிளெம். எப்படியாச்சும் யாராச்சும் சொல்லிடணும்னு இருந்துச்சு."

கிளெம் மேஜையைச் சுற்றி அவர் பக்கம் போனார். கையில் மைக் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. அது அணைக்கப்படவும் இல்லை. தெள்ளுச் சண்டை போட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஹெட்லி மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பட்டாணிப் பாத்திரத்துக்கு மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அதைத் துணில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அடங்கற வரைக்கும். எங்க வீட்ல சமையல் ரூம்ல ஒரே நாற்காலிதான் இருக்கு, உனக்குத் தெரியும்ல? பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட, சோப்பு கைக்கெட்டற தூரத்துல. அதுலதான், கிளெம், உக்காந்திருந்தேன்."